நின்ற பஸ் நின்றபடி இருக்க: பழைய பஸ்ஸின் காற்று ஹேண்ட்பிரேக்

பழைய பஸ்ஸின் ஹேண்ட்பிரேக் மக்கர் செய்தால் பட்டறையில் முதலில் எழும் கேள்வி, எந்தச் சாமானை மாற்றுவது என்பதுதான். சேம்பரை மாற்று, வால்வை மாற்று, அதற்கும் அடங்காவிட்டால் ஹோஸை மாற்று என்று வேலை நீள்கிறது. சில வாரங்களில் அதே பஸ் அதே புகாரோடு திரும்பி வருகிறது. இந்த அத்தியாயம் முன்வைப்பது வேறு வழி. காற்று ஹேண்ட்பிரேக்கின் கோளாறு ஹேண்ட்பிரேக்கோடு முடிந்துவிடுவதில்லை. பின்சக்கரத்தில் அதற்கென்று தனி ஷூவோ தனி டிரம்மோ கிடையாது. கால் பிரேக் எந்த லைனிங்கை டிரம்மில் அழுத்துகிறதோ அதையேதான் ஹேண்ட்பிரேக்கும் அழுத்துகிறது. அதை விடுவிக்கும் காற்றும் அதே கம்ப்ரசரிலிருந்துதான் வருகிறது. ஆகவே பிடிக்கவில்லை, விடவில்லை, மெதுவாக விடுகிறது என்று ஹேண்ட்பிரேக்கைப் பற்றி ஓட்டுநர் சொல்லும் எந்தப் புகாரும், ஓடும் பஸ்ஸை நிறுத்த வேண்டிய பிரேக்கைப் பற்றிய புகாராகவும் இருக்கலாம். பஸ் நின்றிருக்கும்போதே, ஆள் ஏறுவதற்கு முன்பே, செலவில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கை அது. முதலில் அதை அளந்து படிக்க வேண்டும். ஸ்பேனரை எடுப்பது அதற்குப் பிறகு.

வேலை செய்யும் விதம் எளிது, ஆனால் பழக்கத்துக்கு எதிரானது. கால் பிரேக்கில் காற்று வந்தால் பிரேக் பிடிக்கும். ஹேண்ட்பிரேக்கில் காற்று போனால்தான் பிடிக்கும். பின்சக்கர சேம்பரின் பின்பாதிக்குள் ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் அடைபட்டிருக்கிறது. பஸ் ஓட வேண்டுமானால் காற்று உள்ளே போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் லீவரை இழுக்கும்போது காற்று வெளியேறுகிறது, ஸ்பிரிங் விரிந்து தள்ளுதண்டைத் தள்ளுகிறது, ஷூ டிரம்மில் ஒட்டுகிறது. ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கப் பல அமைப்புகளில் ஏறத்தாழ 60 பிஎஸ்ஐக்கு மேல், சிலவற்றில் 5 பாருக்கும் மேல் காற்று வேண்டும். பழைய பஸ்களின் மீட்டர் ஒரே அளவில் பேசாது. ஜப்பானிய பஸ்ஸில் கிலோ, ஐரோப்பிய பஸ்ஸில் பார், வேறு சிலவற்றில் பிஎஸ்ஐ. 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது ஏறத்தாழ 1 பார். இந்தக் கணக்கை மீட்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் எல்லாப் பழைய பஸ்ஸிலும் இந்த ஸ்பிரிங் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அடியில் படுக்கக் கூடாது. பழைய ஜப்பானிய பஸ்கள் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் கியர்பாக்ஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும் ஒரு சிறிய டிரம்மைப் பிடிக்கிறது. கேபிளாலோ கம்பியாலோ இழுக்கப்படும் அந்த அமைப்புக்கும் காற்றுக்கும் தொடர்பில்லை. அவற்றில் கால் பிரேக்கும் பெரும்பாலும் காற்றால் தள்ளப்படும் எண்ணெய் பிரேக்தான். இந்த வகையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. காற்று முழுதும் போனாலும் தானாக வந்து பிடிக்க ஸ்பிரிங் இல்லை. மேலும், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக மறுசக்கரத்தின் பிடியும் போய்விடும். பஸ் ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கும். டயர் மாற்றும்போது இப்படி ஆள் மாட்டிக்கொள்ள இடம் உண்டு. ஆகவே எந்த வகையானாலும் முதல் வேலை, முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை. பக்கத்தில் கிடக்கும் செங்கல் போதாது, செங்கல் நொறுங்கும். இனி இந்த அத்தியாயம் பேசுவது ஸ்பிரிங் உள்ள வகையைப் பற்றி மட்டுமே.

ஹேண்ட்பிரேக் விடவில்லை என்ற புகாரோடு வரும் பஸ்ஸில் முதலில் பார்க்க வேண்டியது மீட்டர் முள்ளை. எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரசர் காற்றடைப்பதைத் தானாக நிறுத்தும் அளவுக்கு முள் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றாலோ, வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்தாலோ சேம்பரைத் தொடுவதில் அர்த்தமில்லை. கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது அல்லது காற்று எங்கோ ஒழுகுகிறது. காற்று முழுதாக ஏறிய பிறகு எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பஸ் ஓட்டுநர் உரிமத் தேர்வில் வைக்கும் சோதனை இதுதான்: தனி வண்டிக்கு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, கால் பிரேக்கை மிதித்தபடி பார்த்தால் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. எந்தக் கருவியும் வேண்டாத இந்த இரண்டு எண்களும் நம் பட்டறைகளில் சுவரில் எழுதி வைக்கத் தக்கவை. தொழிற்சாலை பஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடவும் எளிய வழி ஒன்று இருக்கிறது. மேருவிலும் காப்பாரிலும் ஷிப்டுக்கு ஷிப்டு மணிக்கணக்கில் நிற்கும் பஸ்ஸில், விடியற்காலையில் எஞ்சினை முடுக்கும் முன் முள் எங்கே நிற்கிறது என்று ஓட்டுநர் தினமும் குறித்து வைக்கட்டும். நேற்றுவரை 5இல் நின்ற முள் இன்று 2இல் நின்றால் ஒழுக்கு பிறந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் அதன் பிறகுதான் அடம்பிடிக்கத் தொடங்கும்.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் பட்டறைகள் அதிகம் தடுமாறுகின்றன. காற்று சீறும் இடத்தில் இருக்கும் சாமானையே குற்றவாளி என்று எண்ணிக் கழற்றுகிறார்கள். சத்தம் வரும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் பல நேரம் வேறு வேறு. சேம்பருக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. கால் பிரேக்கின் காற்றுக்கு ஒன்று, ஸ்பிரிங்கை அமுக்கும் காற்றுக்கு ஒன்று. நடுவே ஒரு சீல். அந்தச் சீல் கிழிந்தால் காற்று எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து குறைந்த பக்கம் போகும். போய், அந்தப் பக்கத்து வால்வின் வாய் வழியாக வெளியேறும். அதனால் சோதனையை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும்போது கால் பிரேக்கை மிதியுங்கள். ஹேண்ட்பிரேக் வால்வின் வாயிலோ குயிக் ரிலீஸ் வால்விலோ காற்று சீறினால், அந்த வால்வு நல்லதாகவே இருக்கலாம், கெட்டது சேம்பரின் நடுச்சீல். ஹேண்ட்பிரேக்கை விடுவித்துக் காலை எடுத்த பிறகு கால் பிரேக்கின் ரிலே வால்வில் சீறினால், அதே சீல் எதிர்த்திசையில் ஒழுகக்கூடும். ஹேண்ட்பிரேக் விடுபட்ட நிலையில் சேம்பரின் பின்பக்க மூச்சுத்துளையில் காற்று வந்தால் ஸ்பிரிங் பக்க டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. சந்தேகம் தீர, அந்த சேம்பருக்குப் போகும் ஹோஸைக் காற்று இறக்கிய பிறகு கழற்றி அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. பத்து நிமிட வேலை, ஒரு நல்ல வால்வைக் குப்பையில் போடுவதைத் தடுக்கும். ஹோஸின் வெளித்தோல் பளபளப்பாக இருப்பதை நம்பவும் கூடாது. பழைய ரப்பர் உள்ளே உப்பிக் குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்த சக்கரம் மட்டும் தாமதமாக விடும்.

டயஃப்ரத்தில் சிறிய கிழிசல்தானே, மீட்டர் பெரிதாக இறங்கவில்லையே, அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. ஸ்பிரிங்கை அமுக்கும் காற்று குறைந்தால் ஸ்பிரிங் அரைகுறையாக விரியும். ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். ஓட்டுநருக்கு வண்டி கொஞ்சம் இழுவையாக இருப்பதாக மட்டும் தோன்றும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் அப்படி ஓடினால் லைனிங் எரிந்து வாசம் வரும், டிரம் விரிசல் விடும், டயரில் தீப்பற்றவும் கூடும். பின்பக்கம் புகைகிறது என்று மற்ற வண்டிக்காரர்கள் கைகாட்டி நிறுத்தும் பஸ்களில் இந்தக் காரணத்தை முதலில் தேட வேண்டும்.

நம் ஊரில் இந்த ரப்பர்களும் வால்வுகளும் விரைவாகக் கெடுவதற்குக் காரணம் காற்றிலேயே இருக்கிறது. கோலாலம்பூரின் காற்று 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருந்தால், அதன் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரசர் அதை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கித் தொட்டியில் அடைக்கிறது. அது ஆறிய பிறகு அவ்வளவு சிறிய இடத்தில் மூன்று, நான்கு கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராக இறங்குகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் ஊர்ந்து போகும் பஸ் பத்தடிக்கு ஒருமுறை பிரேக் மிதிக்கிறது, நிறுத்தத்துக்கு நிறுத்தம் காற்றுக் கதவைத் திறக்கிறது. கம்ப்ரசர் ஓயாமல் புதுக் காற்றை இழுக்கிறது. ஒவ்வோர் இழுப்பிலும் தண்ணீர் சேர்கிறது. ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ் காலாவதியாகியிருந்தால் அந்தத் தண்ணீர் வால்வுகளுக்குள் போகிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் பனிக்காலத்துக்கு முன் கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்கின்றன, தண்ணீர் உறைந்துவிடும் என்பதற்காக. நமக்கு உறைபனி இல்லை, ஆகவே அவசரமில்லை என்று அதைப் புரிந்துகொள்வது பிழை. இங்கே தண்ணீர் உறைவதில்லை, ஆனால் ஆண்டு முழுதும் சேர்கிறது, துருவாக்குகிறது. டிரையர் உள்ள பஸ்ஸில் ஆண்டுக்கு ஒரு முறையாவது கார்ட்ரிட்ஜை மாற்றுவதும், டிரையர் இல்லாத பஸ்ஸில் ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் தொட்டிகளின் வடிகுழாயைத் திறப்பதும் இந்தத் தட்பவெப்பத்துக்கு வேண்டிய அளவு. வடியும் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் வெறும் ஈரம். மோர் போலக் கலங்கி வழுக்கினால் கம்ப்ரசர் எண்ணெயைக் கக்குகிறது. அந்த எண்ணெய் டயஃப்ரத்தையும் சீலையும் உப்பவைக்கும். அத்தகைய பஸ்ஸில் எத்தனை முறை புது சேம்பர் போட்டாலும் கம்ப்ரசரைச் சரிசெய்யாதவரை வேலை நிலைக்காது.

மறுபக்கப் புகார், பிடிக்கவில்லை என்பது. இதில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு மறைவு இருக்கிறது. கிள்ளானும் போர்ட் கிள்ளானும் ஷா ஆலாமின் தொழிற்பேட்டைகளும் பெரும்பாலும் சமதரை. சமதரையில் நிற்கும் பஸ்ஸுக்குப் பாதி பலமுள்ள ஹேண்ட்பிரேக்கே போதும். குறை வெளியே தெரியாது. பள்ளி விடுமுறையில் அதே பஸ் கெந்திங்கிற்கோ கேமரன்மலைக்கோ வாடகைக்குப் போகும்போதுதான் பிரேக்கின் உண்மை நிலை சோதனைக்கு வருகிறது. ஐநாவின் 13ஆம் எண் பிரேக் விதி, முழுச் சுமையோடு 18 விழுக்காடு சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த ஹேண்ட்பிரேக்கால் முடிய வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி 20 விழுக்காடு கேட்கிறது. சரிவு இல்லாத ஊரில் அதற்கு நிகராகச் செய்யக்கூடியது இழுவைச் சோதனை. காற்றை முழுதாக ஏற்றி, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, முன்னால் ஆளில்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணற வேண்டும், பஸ் அசையக் கூடாது. அசைந்தால் காரணத்தைப் பின்சக்கரத்தில் தேட வேண்டும்.

அங்கே முதலில் அளக்க வேண்டியது தள்ளுதண்டின் ஓட்டம். ஸ்பிரிங் விரிய விரிய அதன் பலம் குறைகிறது. தண்டு அதிக தூரம் ஓட வேண்டியிருந்தால், ஷூ டிரம்மைத் தொடும்போது தள்ளுவதற்கு ஸ்பிரிங்கில் மிச்சம் இருக்காது. முட்டுக்கட்டை போட்டு, தொட்டியில் 90 முதல் 100 பிஎஸ்ஐ காற்று வைத்து, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தண்டு சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். ஒருவர் கால் பிரேக்கை முழுதாக மிதிக்க, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். 30ஆம் எண் சாதாரண சேம்பருக்கு அமெரிக்க விதியின் வரம்பு 2 அங்குலம், அதாவது 51 மில்லிமீட்டர். 24ஆம் எண்ணுக்கு 44 மில்லிமீட்டர். குளிர்ந்த டிரம்மில் எடுக்கும் அளவு இது. மலையிறங்கிச் சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு இன்னும் விலகும், தண்டு இன்னும் தூரம் ஓட வேண்டும். பட்டறையில் வரம்பை ஒட்டி நிற்கும் பஸ்ஸுக்கு மலையில் பிரேக் இருக்காது. ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பார்க்க, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்த நிலையில் இடது வலது தண்டுகளை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வெளியே வராமல் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்வாக ஆடினால் உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. டிரம்மின் ஓரத்தில் கிரீஸ் அல்லது எண்ணெய்க் கசிவு இருந்தால் லைனிங் நனைந்திருக்கும். கழுவி மாட்டுவதில் பயனில்லை, ஹப் சீலையும் லைனிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள பஸ்ஸில் ஓட்டம் அதிகமாக இருந்தால், ஸ்பேனரால் இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இறுக்கிய அன்று சரியாகத்தான் இருக்கும். ஆனால் தானாக இறுகும் பொருள் இறுகவில்லை என்றால் அதுவோ, எஸ்-கேமின் புஷ்ஷோ, கிளெவிஸ் பின்னோ தேய்ந்திருக்கிறது. கையால் இறுக்குவது அந்த நோயை மூடிவைப்பது. 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளென் ராக் என்னும் ஊரில் ஒரு டிப்பர் லோரி பிரேக் இழந்து கார்களில் மோதியது. அதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் இறுக்குவது ஆபத்தான பழக்கம் என்று எச்சரித்தது. கையால் இறுக்க வேண்டியது பழைய கை அட்ஜஸ்டரை மட்டுமே: ஷூ டிரம்மைத் தொடும்வரை இறுக்கி, பிறகு கால் முதல் அரைச் சுற்று தளர்த்துவது முறை.

வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பகோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரோலரில் ஏற்றிப் பார்க்கிறதே, அதற்குமேல் என்ன வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. அந்தச் சோதனை தேவை. ரோலர் காட்டும் இடது வலது வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது சொல்வது அந்த ஒரு நாளின் நிலையை, ஆள் ஏறாத பஸ்ஸின் நிலையை. டயஃப்ரம் கிழிவதற்கு ஆறு மாதம் தேவையில்லை. 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அதன் பிரேக்குகளின் மோசமான நிலை விசாரணையில் வெளிவந்தது. லைனிங்கும் டிரம்மும் ஒரே இரவில் தேய்வதில்லை. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே இருக்கும் நாள்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்; அந்த ஆள் ஓட்டுநரும் பட்டறைக்காரரும்தான்.

கடைசியாக, இந்த அத்தியாயத்தில் மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது கேஜிங் போல்ட்டைப் பற்றி. காற்று இல்லாமல் நடுவழியில் நின்ற பஸ்ஸை இழுத்துச் செல்ல, சேம்பரின் பின்னால் போல்ட்டைச் செருகித் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கி வைக்க முடியும். முட்டுக்கட்டை போட்ட பிறகு, கை ஸ்பேனரால், மெதுவாக. ஏர் கன்னால் ஒருபோதும் கூடாது. காலை ஐந்தரைக்குத் தொழிலாளர்கள் காத்திருக்கிறார்கள், ஒரு டிரிப் மட்டும் இப்படியே ஓட்டிவிடலாம் என்ற ஆசை அப்போது வரும். தொழிற்சாலை ஒப்பந்தத்தில் ஒரு டிரிப் தவறினால் எவ்வளவு நட்டம் என்பது உரிமையாளருக்குத்தான் தெரியும், அந்தக் கவலை உண்மையானது. ஆனால் போல்ட் போட்ட சக்கரத்தில் ஹேண்ட்பிரேக் இல்லை. காற்று திடீரென்று போனால் தானாக வந்து பிடிக்க வேண்டிய ஸ்பிரிங்கும் இல்லை. அந்த பஸ்ஸில் ஆள் ஏற்றக் கூடாது. சேம்பரின் வளையப் பட்டையைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் கூடாது. பல நூறு கிலோ விசையோடு சுருண்டிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. கழற்றிய பழைய சேம்பரை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடுவதும் அதே ஆபத்தை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான். ஸ்பிரிங்கைப் பாதுகாப்பாகச் செயலிழக்கச் செய்யும் வசதியுள்ள பிரேக் பட்டறையில் அதை ஒப்படையுங்கள்.

பஸ் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். காற்று ஏறவில்லை, ஹேண்ட்பிரேக் சரியில்லை என்று சொல்லி வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநருக்கு அன்றைய டிரிப் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.